நின்று போகிற பாய்லர் நல்ல பாய்லர்

2022 டிசம்பர், இரண்டாவது வாரம். லண்டனில் பனி கொட்டி, உருகாமல் தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்த ராத்திரி. பதினோரு மணிக்கு எங்கள் வீட்டு பாய்லர் 'களக் களக்' என்று இரண்டு நிமிஷம் கொப்பளித்துவிட்டு நின்றுபோனது. ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாக ஆறிப்போயின. பையன் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, "அப்பா, செத்துப்போச்சா?"ன்னு கேட்டான். நான் ரீசெட் பட்டனை அழுத்தினேன். பற்றியது, நின்றது. மறுபடி அழுத்தினேன். பற்றியது, நின்றது. பத்து தடவையாவது அழுத்தியிருப்பேன்.

அந்தக் கோபத்தில்தான் பாய்லரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மேனுவலில் படித்தது, ரிப்பேருக்கு வந்தவர்களை நச்சரித்துக் கேட்டுக்கொண்டது, நானே பார்த்து எழுதிவைத்தது என்று ஒரு நோட்டு நிறைய குறிப்பு சேர்ந்துவிட்டது. அதை ஒழுங்குபடுத்தித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பாய்லர் மூன்று முறை நின்று எங்களைப் படுத்தி எடுத்தது. அதே தெருவில், முப்பது வருஷமாக ஒரு நாள்கூட நிற்காத பாய்லர் ஒன்றும் இருந்தது. ஆளைக் கொல்லப் பார்த்தது அதுதான்.

அந்த வெள்ளைப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஊரில் பாய்லர் என்றால் நமக்கு டீக்கடை பாய்லர் ஞாபகம் வரும். இல்லாவிட்டால் பழைய வீடுகளில் குளியலறை மூலையில் நிற்கும் செம்பு பாய்லர். நடுவில் தீ, சுற்றிலும் தண்ணீர். பிரிட்டனில் சமையலறைச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டியும் அடிப்படையில் அதே சங்கதிதான். அதற்கு இரண்டு வேலை. ஒன்று, வீட்டிலுள்ள ரேடியேட்டர்களுக்குள் ஒரே தண்ணீரைச் சூடாக்கிச் சூடாக்கிச் சுற்ற விடுவது. இரண்டு, குழாயைத் திறந்ததும் குளிக்க, பாத்திரம் கழுவ வென்னீர் தருவது. இரண்டையும் ஒரே பெட்டி செய்தால் அதற்கு 'காம்பி' பாய்லர் என்று பெயர். எங்களுடையது 2006-இல் மாட்டிய காம்பி. வீட்டை வாங்கும்போது கூடவே வந்தது.

வீடு குளிர்ந்துவிட்டது என்று தெர்மோஸ்டாட் சொன்னதும் பாய்லர் நேரே தீயைப் பற்றவைத்துவிடாது. வரிசையாகச் சில கேள்விகள் கேட்கும். சுற்றில் தண்ணீரின் அழுத்தம் போதுமா? பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறதா? ஃபேன் ஓடுகிறதா, புகைக்குழாய் வழியாகக் காற்று சரியாகப் போய் வருகிறதா? இதைக் கவனிக்க ஒரு காற்றழுத்த ஸ்விட்சோ, ஃபேனின் வேகத்தை எண்ணும் சென்ஸரோ இருக்கும். அதன் பிறகுதான் 'டிக் டிக் டிக்' என்று பொறி கிளம்பும், கேஸ் வால்வு திறக்கும். சில விநாடிக்குள் தீ பற்றியதா? பற்றிய தீ அணையாமல் நிற்கிறதா? தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகிறதா?

இதில் ஏதாவது ஒன்றுக்குத் தப்பான பதில் வந்தால் பாய்லர் கேஸை மூடிவிட்டு நின்றுவிடும். முகப்பில் ஒரு எண் மின்னும். நாம் அதை 'ஃபால்ட்' என்கிறோம். உண்மையில் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. நின்றுபோனது கோளாறே அல்ல, பாய்லர் தன் வேலையைச் சரியாகச் செய்ததன் அடையாளம். இது புரிந்தபிறகு ரீசெட் பட்டனைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது.

சரி, பழைய பாய்லர்களில் அடிக்கடி வரும் கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: உறைந்துபோன கழிவுநீர்க் குழாய்

அந்த டிசம்பர் ராத்திரி நடந்தது இதுதான்.

கேஸ் எரியும்போது கார்பன் டை ஆக்சைடோடு நீராவியும் உண்டாகிறது. பழைய காலத்து பாய்லர்கள் அந்த ஆவியைச் சூட்டோடு சூடாக வெளியே விட்டுவிடும். கண்டென்ஸிங் பாய்லர் புகையை நன்றாகக் குளிரவைத்து, ஆவியைத் தண்ணீராக மாற்றி, அதிலிருக்கும் வெப்பத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து பொதுவாக இந்த வகையைத்தான் மாட்டவேண்டும் என்று விதி. கேஸ் மிச்சம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் எங்காவது போயாக வேண்டுமே. குளிர் நாளில் லிட்டர் கணக்கில் சேரும். லேசாக அமிலத்தன்மையும் உண்டு. அதற்காக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வெளிச்சுவர் வழியாகச் சாக்கடைக்கு விட்டிருப்பார்கள்.

வெளியே மைனஸில் போனால் அந்தக் குழாய்க்குள் சொட்டும் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். பின்னாலேயே வரும் தண்ணீர் பெட்டிக்குள் தேங்கும். நான் கேட்ட 'களக் களக்' அந்தத் தேங்கிய தண்ணீரின் சத்தம். பிறகு பாய்லர் நின்றுவிடும். 2010 டிசம்பர் கடுங்குளிரில் நாடு முழுக்க எக்கச்சக்கமான வீடுகளில் ஒரே நேரத்தில் இதுவே நடந்தது. வெளியே போகும் குழாய் கொஞ்சம் பெரிதாக இருக்கவேண்டும், மேலே உறை போடவேண்டும் என்று அதன் பிறகு எல்லோரும் அழுத்திச் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டுக் குழாய் அதற்கு முந்திய காலத்தது. கட்டைவிரல் தடிமன்தான், உறையும் கிடையாது.

இதை நாமே சரிசெய்யலாம். வெதுவெதுப்பான தண்ணீரை வெளியே போய்க் குழாயின் மேல் ஊற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீர் கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும். பனி இளகியபிறகு ஒரு தடவை ரீசெட். நான் கண்டுபிடித்தபோது மறுநாள் காலை எட்டு மணி. இரண்டு ஜக் வென்னீரில் தீர்ந்த விஷயத்துக்கு ராத்திரி முழுக்கக் குடும்பமே நடுங்கியது.

இரண்டு: இறங்கிக்கொண்டே இருக்கும் முள்

ஜனவரியில் இரண்டாவது முறை நின்றது. பாய்லரின் அடியில் ஒரு சின்ன வட்ட மீட்டர் உண்டு. ஆறியிருக்கும்போது முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அளவு 'பார்' கணக்கு. எங்களுடையது பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அடியில் இருக்கும் ஃபில்லிங் லூப்பைத் திறந்தால் மெயின் குழாயிலிருந்து தண்ணீர் ஏறும், முள் மேலே வரும். இதுவும் நாமே செய்கிற வேலைதான். நானும் செய்தேன். அடுத்த வாரம் மறுபடி பூஜ்யம். மறுபடி ஏற்றினேன். உண்மையைச் சொன்னால் அதற்கு முன்பும் மாதக் கணக்காக இதையேதான் செய்துகொண்டிருந்தேன். ரிப்பேர் பண்ணுகிறோம் என்று ஒரு திருப்தி வேறு.

இங்கேதான் என் தப்பு. தண்ணீர் சூடானால் விரியும். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் 100 லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 3 லிட்டர் பெருகும். மூடிய சுற்றுக்குள் அந்த 3 லிட்டர் எங்கே போகும்? அதற்காகத்தான் பாய்லருக்குள் ஒரு தகரத் தொட்டி இருக்கிறது. எக்ஸ்பான்ஷன் வெசல் என்பார்கள். உள்ளே ஒரு ரப்பர் தடுப்பு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்து வைத்த காற்று. தண்ணீர் விரியும்போது காற்று அமுங்கி இடம் விடும். வருஷம் ஆக ஆக அந்தக் காற்று கசிந்து குறையும், சில சமயம் ரப்பரே கிழிந்துவிடும். அப்போது மெத்தை இல்லாமல் போய்விடுகிறது. ஹீட்டிங் ஓடும்போது முள் சரசரவென்று 3-க்கு ஏறும். 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாய் வழியாகத் தண்ணீரைக் கொட்டிவிடும். ஆறியதும் சுற்றில் தண்ணீர் குறைவு, முள் பூஜ்யம்.

ஆக, சூட்டில் 3, குளிரில் 0 என்று முள் ஊஞ்சல் ஆடினால் சந்தேகப்பட வேண்டியது அந்தத் தொட்டியை. சூட்டில் ஏறாமல், சும்மா இறங்கிக்கொண்டே மட்டும் இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ரேடியேட்டர் வால்வு, தரைக்கு அடியில் ஓடும் குழாய், இல்லாவிட்டால் ஒரு தடவை திறந்தபின் தூசி சிக்கி முழுசாக மூடாத அதே பாதுகாப்பு வால்வு.

வந்த இன்ஜினியர் வெசலில் இருந்த டயர் வால்வு மாதிரியான மூக்கில் பம்பை மாட்டிக் காற்று அடித்தார். கார் டயருக்கு அடிப்பது போலவேதான். பிறகு என்னைப் பார்த்து, இத்தனை மாதம் எத்தனை தடவை தண்ணீர் ஏற்றினாய் என்று கேட்டார். சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ரேடியேட்டர் இரும்பால் ஆனது. சுற்றுக்குள் இருக்கும் பழைய தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோயிருக்கும், அதனால் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். நான் வாராவாரம் புதுத் தண்ணீரையும் அதோடு புது ஆக்ஸிஜனையும் ஏற்றி, துருவுக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

மூன்று: கறுப்புச் சேறு, வெள்ளைச் சுண்ணாம்பு

அந்தத் துரு என்ன ஆகிறது? கறுப்பு இரும்பு ஆக்சைடாக, மை மாதிரியான சேறாக ரேடியேட்டரின் அடியில் படிகிறது. இதைக் கண்டுபிடிக்க உள்ளங்கை போதும். ரேடியேட்டர் மேலே சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று. சின்னச் சாவியால் மேல் மூலையில் திருகினால் 'உஸ்' என்று போய்விடும். கீழே சில்லென்றும் மேலே சூடாகவும் இருந்தால் சேறு. அதைக் கழுவித்தான் எடுக்க வேண்டும். துருத்தடுப்பு ரசாயனம் ஊற்றுவதும், இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்த வடிகட்டி மாட்டுவதும் இதற்காகத்தான். சேறு ரேடியேட்டரோடு நின்றால் பரவாயில்லை. பம்பை இறுக்கும், வெப்பமாற்றியின் குறுகலான வழிகளை அடைக்கும்.

சுண்ணாம்பு இன்னொரு கதை. லண்டனுக்கு வரும் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளிலிருந்து வருவதால் நல்ல கடினத் தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதை இங்கிருப்பவர்கள் தினமும் பார்ப்பார்கள். அதே படிவு காம்பிக்குள் குழாய் வென்னீரைச் சூடாக்கும் தட்டு வெப்பமாற்றியிலும் படியும். அடையாளம்: ஷவரில் நிற்கும்போது சூடு, குளிர், சூடு, குளிர் என்று மாறி மாறி வரும். வெப்பம் கடக்க வழியில்லாமல் பாய்லர் எல்லை தாண்டிச் சூடாகி, தீயைக் குறைத்து, மறுபடி ஏற்றுகிறது. வெப்பமாற்றியில் அடைசல் இருக்கும் இடத்தில் தண்ணீர் கொதித்துக் குமிழி வெடித்தால் கெட்டில் கொதிப்பது போலவே ஒரு இரைச்சல் கேட்கும்.

இந்த வரிசையில் சேர்க்க வேண்டிய இன்னொன்று திசைமாற்றும் வால்வு. சூடான தண்ணீரை ரேடியேட்டர் பக்கமா, குழாய் வென்னீர் பக்கமா என்று திருப்பிவிடுவது அதுதான். வயதான காம்பியில் அது சிக்கிக்கொள்ளும். குழாயில் வென்னீர் அருமையாக வருகிறது, ரேடியேட்டர் மட்டும் சில்லென்று கிடக்கிறது என்றாலோ, கோடையில் கை கழுவினால் ரேடியேட்டர் சுடுகிறது என்றாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

நான்கு: தீ எரிகிறது, பாய்லருக்குத் தெரியவில்லை

மூன்றாவது முறை, பிப்ரவரி. டிக் டிக் டிக், 'வுஃப்', இரண்டு விநாடி எரியும், அணையும். மூன்று முயற்சிக்குப் பிறகு பூட்டிக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் இதன் பின்னால் இருக்கும் இயற்பியல் அழகானது. தீ எரிகிறதா என்று பாய்லர் கண்ணால் பார்ப்பதில்லை. தீக்குள் ஒரு உலோகக் கம்பியை நீட்டி வைத்து அதில் மாறுமின்னழுத்தம் கொடுக்கிறது. தீக்குள் அயனிகள் இருப்பதால் அது கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும், அதுவும் ஒரு திசையில்தான் நன்றாகக் கடத்தும். அந்த ஒருதிசை மின்னோட்டம் சில மைக்ரோ ஆம்பியர்தான். அது இருந்தால் தீ இருக்கிறது. இல்லாவிட்டால் தீ இல்லை, கேஸை மூடு.

வருஷக் கணக்கில் எரிந்த கம்பியின் மேல் படிவு ஒட்டிக்கொண்டால் அந்தச் சின்ன மின்னோட்டம் அறுந்துவிடும். தீ ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கும், பாய்லரோ இல்லை என்று சொல்லும். ஆனால் அதைக் குறை சொல்ல முடியாது. உண்மையிலேயே தீ பற்றாமல் வெறும் கேஸ் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மூடு என்பதுதான் அதற்குக் கற்றுக்கொடுத்த பாடம். இன்ஜினியர் கம்பியை மாற்றினார், அரை மணி நேர வேலை.

அவர் வேலை பார்க்கும்போது ஒரு விஷயம் சொன்னார். சில வீடுகளில் பெட்டியைத் திறந்தால், அடிக்கடி நிற்க வைக்கும் காற்றழுத்த ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் யாரோ ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டிருப்பார்களாம். அதன் பிறகு பாய்லர் நிற்கவே நிற்காது. வீட்டுக்காரருக்கு சந்தோஷம். புகை வெளியே போகிறதா என்ற கேள்வியைக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஐந்து: நிற்காத பாய்லர்

எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு அன்ரி இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர், இப்போது தனியாக இருக்கிறார். எங்கள் பாய்லர் புராணத்தை அவரிடம் புலம்பியபோது பெருமையாகச் சொன்னார்: "என்ரை பொயிலர் ஒரு நாளும் நிண்டதில்லை தம்பி. முப்பது வரியமாப் பாக்கிறன், ஒருக்காலும் ஒருத்தரையும் கூப்பிடேல்லை."

போய்ப் பார்த்தேன். முன்னறையில் கணப்பு இருந்த இடத்தில் ஒரு கேஸ் ஃபயர், அதற்குப் பின்னால் புகைக்கூண்டுக்குள் ஒளிந்திருக்கும் பாய்லர். பேக் பாய்லர் என்பார்கள். எழுபது, எண்பதுகளில் பிரிட்டிஷ் வீடுகளில் ரொம்ப சகஜம். ஃபேன் கிடையாது, சர்க்யூட் போர்டு கிடையாது. ஒரு சின்ன பைலட் தீ எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதன் சூட்டில் தெர்மோகப்பிள் என்ற ஒரு கம்பி முனை இருபது, முப்பது மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாக்கும். அந்தத் துளி மின்சாரம் ஒரு மின்காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், அது கேஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கும். பைலட் அணைந்தால் முனை ஆறும், ஒரு நிமிஷத்துக்குள் வால்வு மூடிக்கொள்ளும். இந்த வகையில் வழக்கமான கோளாறே தெர்மோகப்பிள் தேய்ந்து பைலட் நிற்காமல் போவதுதான்.

எளிமையான, கெட்டியான மிஷின். ஆனால் கவனியுங்கள், அது கேட்கும் பாதுகாப்புக் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றே ஒன்றுதான்: பைலட் சூடாக இருக்கிறதா? காற்று போதுமா, புகை வெளியே போகிறதா என்று அன்ரியின் பாய்லர் கேட்கவே இல்லை.

எங்கள் காம்பி எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே குழாய் வழியாக இழுத்துக்கொள்கிறது. பேக் பாய்லர் அறைக்குள் இருக்கும் காற்றை எடுத்துக்கொண்டு, புகையைப் புகைக்கூண்டு வழியாக மேலே விடுகிறது. ஒரு பங்கு கேஸ் சரியாக எரிய ஏறக்குறைய பத்து பங்கு காற்று வேண்டும். அதனால் அந்த அறையின் சுவரில் மூடக்கூடாத ஒரு காற்றுத் துளை வைத்திருப்பார்கள். அந்தக் குளிர்காலத்தில் கேஸ் விலை ஏறியிருந்த ஏற்றம் உங்களுக்கு நினைவிருக்கும். அரசு உச்சவரம்பு வைத்த பிறகும் ஒரு சராசரி வீட்டுக்கு கேஸும் மின்சாரமும் சேர்த்து வருஷத்துக்கு 2500 பவுண்டு என்று கணக்குச் சொன்னார்கள். அன்ரி அந்தத் துளையைப் பழைய துவாயால் அடைத்து வைத்திருந்தார். "குளிர்க் காத்து அடிக்குது தம்பி, வீணாச் சூடெல்லாம் போகுது."

காற்று குறைந்தால் கேஸ் அரைகுறையாக எரியும். கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கேஸில் நாற்றத்துக்காகச் சேர்க்கும் பொருள் எரிந்துபோய்விடுவதால் அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. அரைகுறைத் தீயிலிருந்து கரி கிளம்பி வெப்பமாற்றியின் இடுக்குகளை அடைக்கும், அதனால் புகை போகும் வழி குறுகும், அதனால் தீ இன்னும் அரைகுறையாகும். ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் இது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினோ ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. உடம்பு நிறைய ரத்தம் ஓடும், ஆக்ஸிஜன் மட்டும் போய்ச் சேராது.

துவாயை எடுக்கச் சொன்னேன், எடுத்தார். நான் வந்தபிறகு திரும்ப அடைத்திருக்கிறார். நல்லவேளையாக, நான் இரண்டு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கியிருந்தேன். ஒன்றை அவர் முன்னறை அலமாரியில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் போன். "தம்பி, நீங்கள் தந்த சாமான் விடாமல் கத்துது. பற்றரி முடிஞ்சுதோ தெரியேல்ல. எனக்கும் தலையிடியாக் கிடக்கு, பிறகு பாப்பம்."

இந்த அலாரங்கள் சும்மா கத்துவதில்லை. காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிஷத்துக்குள் ஒலிக்க வேண்டும், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிஷத்துக்குள், 300 பங்கு இருந்தால் மூன்றே நிமிஷத்துக்குள் என்பது அதன் தரநிர்ணயம். நான் போனிலேயே, "அன்ரி, தலையிடி எத்தனை நாளா?" என்றேன். "ஒரு கிழமையா. கோயிலுக்குப் போனாச் சுகமாயிடும். வீட்டுக்கு வந்தாத் திரும்ப வரும்."

அந்த ஒரு வரியில் எல்லாம் இருந்தது. காய்ச்சல் இல்லாத ஃப்ளூ மாதிரி தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். வெளியே போனால் சரியாகும், வீட்டுக்கு வந்தால் திரும்பும். உடனே வெளியே வாங்க என்று கத்திவிட்டு, செருப்பு மாட்டாமல் ஓடினேன். அவரை வாசலுக்குக் கொண்டுவந்து, ஃபயரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு நானும் வெளியே வந்து 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணைக் கூப்பிட்டேன். வந்தவர் மீட்டரிலேயே கேஸை மூடினார். அன்ரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பிறகு பதிவு பெற்ற இன்ஜினியர் ஒருவர் அந்த ஃபயரைக் கழற்றிக் காட்டினார். பின்னால் சுவரெல்லாம் கரி. பாய்லரின் மேல் இடுக்குகளில் பஞ்சு மாதிரி கரி அடைந்திருந்தது. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாகச் சோம்பி ஆடிக்கொண்டிருந்திருக்கும் என்றார். 'உடனடி ஆபத்து' என்று சீட்டு ஒட்டி இணைப்பைத் துண்டித்தார். வாடகை வீடாக இருந்திருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்று வீட்டு உரிமையாளரைச் சட்டம் பிடிக்கும். சொந்த வீட்டுக்கு அந்தச் சட்டம் இல்லை. முப்பது வருஷம் யாரையும் கூப்பிடாததை அவர் பாய்லரின் ஆரோக்கியம் என்று நினைத்திருந்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நோட்டின் கடைசிப் பக்கம்

நாமே செய்யலாம்: முள்ளைப் பார்ப்பது, எப்போதாவது ஒரு தடவை தண்ணீர் ஏற்றுவது, ரேடியேட்டரில் காற்று எடுப்பது, உறைந்த கழிவுநீர்க் குழாயை இளக்குவது, தெர்மோஸ்டாட் பேட்டரி மாற்றுவது, ரீசெட் ஒரு தடவை. அதிகம் போனால் இரண்டு.

நாம் செய்யக்கூடாது: கேஸையும் தீயையும் புகைக்குழாயையும் தொடும் எதையும். பல பாய்லர்களில் வெளி மூடியே புகையை அடைத்து வைக்கும் சுவர், அதைத் திறப்பதுகூட நம் வேலை இல்லை. பிரிட்டனில் கூலிக்கு இந்த வேலை செய்பவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். 2009 ஏப்ரலிலிருந்து அதுதான் அதிகாரபூர்வப் பதிவேடு. அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

திரும்பத் திரும்ப வரும் ஒரே கோளாறுக்குத் திரும்பத் திரும்ப ஒரே வைத்தியம் செய்தால் அது வைத்தியமே இல்லை. வாராவாரம் தண்ணீர் ஏற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்.

கண்ணில் பட்டால் உடனே அணைக்க வேண்டியவை: மஞ்சள் தீ, பாய்லரைச் சுற்றிக் கரிக் கறை, அடிக்கடி அணையும் பைலட், அந்த அறை ஜன்னலில் மட்டும் வழக்கத்துக்கு மீறி வியர்வை, வீட்டிலிருப்பவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தலைவலி. காற்றுத் துளையை ஒருபோதும் அடைக்காதீர்கள். கேஸ், விறகு, கரி எது எரிந்தாலும் சரி, அந்த அறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும்.

அன்ரி வீட்டில் இப்போது சமையலறைச் சுவரில் புது பாய்லர். மாட்டின முதல் குளிர்காலத்திலேயே ஒரு காலை போன் வந்தது. முள் இறங்கி, பாய்லர் நின்றுபோயிருந்தது.

"பழசு ஒரு நாளும் இப்பிடிச் செய்யேல்லை தம்பி" என்று சலித்துக்கொண்டார்.

"அதனாலதான் அன்ரி" என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முள்ளைப் பார்க்கப் போனேன்.